உன் அம்மாவுக்குக் குரல் வந்த நாள்

கொட்டாஞ்சேனை,
கொச்சிக்கடை அந்தோனியார் துணை.

அன்பு மருமகன் மெல்ரோய் அறிய, மாமா எழுதிக்கொள்வது. உன் வீட்டில் எல்லோரும் சுகம் என்பதை ஃபேஸ்புக்கில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். படகில் நின்று எடுத்த படம் வெகு ஜோர். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டில்காரருக்கும் காட்டினேன். அவருக்குச் சுயநினைவில்லை, ஆனாலும் காட்டினேன். போனில் விஷயத்துக்கு வந்தால் நீ "பிறகு எடுக்கிறன் மாமா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் நீ இருக்கும் மெல்பேர்ணுக்கே வரும் நம் பக்கத்து வீட்டு றேமண்டின் மகளிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

உன் அம்மாவுக்கு இப்போது காய்ச்சல் இல்லை. முதுகுப் புண் காய்ந்துவிட்டது. மூச்சு மெஷின் இரவில் மட்டும்தான். கழுத்தில் துளை போட்டு வைத்த குழாய் மட்டும் இருக்கும், அதில் சேரும் சளியை நாள் முழுக்க உறிஞ்சி எடுக்க வேண்டும். அதில் இந்த மாமாதான் வாட்டுக்கே ராசா. ஆறாம் வகுப்போடு துறைமுக வேலைக்குப் போனவன் நான். றவூப் டொக்டரோ, "ஹியூபேட் அங்கிள், நீங்க டொக்டருக்குப் படிச்சிருக்கணும்" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். வாட்டே கைதட்டியது. சரி, கைதட்டவில்லை, ஒரு நேர்ஸ் சிரித்தாள்.

இனி அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப் போகலாமாம். ஆனால் சளி எடுக்கப் பழகிய சொந்தக்காரர் இரண்டு பேர் வீட்டில் இருக்க வேண்டுமாம். ஒருவன் கண் அயர்ந்தால் மற்றவன் வேண்டுமே. ஒருவன் நான். மற்றவன் நீ என்று டொக்டரிடமும் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன். முதலில் ஈஸ்டருக்கு வருகிறாய் என்றேன். பிறகு அந்தோனியார் திருவிழாவுக்கு என்றேன். டிக்கெட் எடுத்தாயிற்று, யன்னல் சீட் என்றுகூடச் சொல்லிவைத்தேன்.

அந்தக் குழாயால் அம்மாவுக்குச் சத்தம் வராது, வாய் மட்டும் அசையும். அதை வாசிக்க இந்தக் கொழும்பில் என்னைப்போல் ஒருவன் இல்லை. நீ வீடியோவில் வரும்போதெல்லாம் "பிள்ளை சாப்பிட்டானா எண்டு கேக்கிறா", "பேரப்பிள்ளையளைக் கொஞ்சச் சொல்லுறா" என்று உனக்குச் சொன்னவன் நான்தானே.

போன செவ்வாய்க்கிழமை நேர்ஸ் டில்ஷானி அந்தக் குழாயில் சின்ன மூடி ஒன்றைப் பொருத்தினாள். அதைப் போட்டால் மூச்சு வாய்வழியே வந்து பேச்சு வருமாம். விடுவேனா? வாட்டையே கூப்பிட்டேன். "முதலிலை மகன்ரை பேரைத்தான் சொல்லுவா, பாருங்கோ" என்று டில்ஷானியோடு பந்தயமும் கட்டினேன்.

அம்மா இருமினார். பிறகு தகரத்தைச் சுரண்டுவதுபோல் ஒரு குரல் வந்தது.

"மெல்ரோய் வரமாட்டான், ஹியூபேட். எனக்குத் தெரியும். நீ பொய் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனாய்" என்றார். கொஞ்சம் மூச்செடுத்துவிட்டு, "அவன் சாப்பிட்டானா எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை. என்னை வீட்டை கூட்டிக்கொண்டு போ எண்டுதான் கேட்டனான்" என்றார்.

பந்தயத்தில் நான்தான் வென்றேன். முதலில் வந்தது உன் பெயர்தான்.

டில்ஷானி குனிந்து கட்டில் விரிப்பை இழுத்துவிட்டாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

உன்னில் குறை சொல்ல வரவில்லை மகன். மாதா மாதம் சல்லி அனுப்புகிறாய், ஆஸ்பத்திரியில் உனக்கு நல்ல பெயர். ஆனால் சளி எடுக்கச் சல்லிக்குக் கை இல்லையே. நான் சொன்னதெல்லாம் பொய் என்றால், அவை நீ சொல்லியிருக்க வேண்டிய பேச்சு. உனக்கு நேரமில்லாததால் உனக்குப் பதிலாக நான் சொன்னேன், அவ்வளவுதான்.

இந்த வேலை பழகுவது பெரிய வித்தை இல்லை. நானே பழக்குவேன், என்னைவிட நல்ல வாத்தியார் உனக்கு அகப்படமாட்டான். நேற்றும் டொக்டர் வந்து, இரண்டாவது ஆள் எப்போது என்று கேட்டார். அம்மாவுக்கு மூடி போட்டிருந்தது, பேசியிருக்கலாம். பேசவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் "வாறான் டொக்டர்" என்றேன்.

உனக்கும் மனைவி பிள்ளைகளுக்கும் அந்தோனியார் ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும். இந்த மாமாவை ஒருமுறையாவது மெய் சொன்னவன் ஆக்கு.

இப்படிக்கு,
உன் மாமா ஹியூபேட்