ரவாங் கல்யாணத்துக்கு எந்தச் சேலை?

என் அன்புச் சுகுணா,

நீ போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. உன் மகள் யாழினிக்கு அடுத்த மாதம் ரவாங்கில் கல்யாணம். மாப்பிள்ளை நல்ல பையன், அதிகம் பேசமாட்டான். பரவாயில்லை, உன் வீட்டில் பேச ஆளுக்கா பஞ்சம்?

என் கவலை வேறு. நான் என்ன கட்டிக்கொண்டு போவது?

சிரிக்காதே. இந்த ஊரில் வெயிலும் மழையும் ஒரே நாளில் வந்துபோகும். நமக்குப் பருவம் என்றால் தைப்பூசம், கல்யாண மாதங்கள், தீபாவளி, அப்புறம் வீடு வீடாக விருந்துக்குக் கூப்பிடும் ஓப்பன் ஹவுஸ். ஒவ்வொன்றுக்கும் புதிதாக வாங்கி, அலமாரிக் கதவைச் சாத்த முடியாமல் தவித்தவள் நான். ஓய்ந்து உட்கார்ந்தால் போனில் சேலை விற்கும் லைவ் ஓடும். "லாஸ்ட் பீஸ் லா அக்கா" என்று அந்தப் பெண் சொன்னால் போதும், கை தானாகப் போய்விடும்.

பங்சார் ஆபீசில் பக்கத்து மேசையில் இருந்த நீதான் ஒருநாள் கேட்டாய். "வசந்தி, உன் சொந்தக்காரங்க எல்லாம் கிள்ளான். என் ஆளுங்க ரவாங். ரெண்டு கூட்டமும் எங்கயாச்சும் பாத்துக்குமா?"

இல்லை என்றேன்.

"அப்ப உன் சேலை எனக்குப் புதுசு, என் சேலை உனக்குப் புதுசு. எதுக்கு வாங்கிட்டே இருக்கணும்?"

அப்படித் தொடங்கியது. ஆண்டுத் தொடக்கத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, யாருக்கு எப்போது என்ன விசேஷம், எந்தச் சேலை யாரிடம் போகவேண்டும் என்று பேசி முடிப்போம். சேலைகள் காகிதப் பையில் ரயிலேறிப் போய்வந்தன. ஜாக்கெட் மட்டும் அவரவருடையது. புதிதாக வாங்குவது தீபாவளிக்கு ஒன்றே ஒன்று, அதுவும் இருவருக்கும் சேர்த்து. உன் சேலையை உன் ஆட்கள் முன்னால் நான் கட்டக்கூடாது, என்னுடையதை என் ஆட்கள் முன்னால் நீ கட்டக்கூடாது. அவ்வளவுதான் கட்டுப்பாடு.

ஒருமுறை என்னை டேக் செய்து ஃபேஸ்புக்கில் நீ போட்ட படத்தைப் பார்த்துவிட்டு என் அத்தை, "இது உன் பச்சப் பட்டு மாதிரியே இருக்கே" என்று பிடித்துக்கொண்டார். நான் சமாளித்த கதையைக் கேட்டு ஆபீசில் நீ சிரித்த சிரிப்பில் மேனேஜர் எழுந்து வந்து பார்த்தார்.

நீ திடீரென்று போனபோது உன் சேலைகள் நான்கு என்னிடம் இருந்தன. திருப்பிக் கொடுத்தால் நமக்குள் எல்லாம் முடிந்துவிடும் போலிருந்தது. கொடுக்காவிட்டால், இறந்தவள் சேலையை அமுக்கிக்கொண்டாள் என்று பேசமாட்டார்களா? வருடம் முழுக்க அவற்றைத் தொடவில்லை. புதிதாக எதுவும் வாங்கவுமில்லை. கடையைக் கண்டால் பரபரக்கும் அந்த மனதை நீ எப்போதோ அடக்கிவிட்டாய். அதற்கு ஒருநாளும் உனக்கு நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், சுகுணா. மனம் நிறைந்து சொல்கிறேன்.

போன ஞாயிறு நான்கையும் யாழினியிடம் கொண்டுபோனேன். நம் ஏற்பாடெல்லாம் அவளுக்கு முன்பே தெரியுமாம். கத்தரிப்பூ நிறப் பட்டை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"கல்யாணத்துக்கு இத கட்டிட்டு வாங்க ஆன்டி."

"வேணாம்மா. உங்க ஆளுங்களுக்கு இது அம்மா சேலைன்னு பாத்ததுமே தெரியும்."

"தெரியட்டும் லா. நான் கட்டுனா மேடையிலேயே உக்காந்திருக்கணும். நீங்கன்னா எல்லார்கிட்டயும் பேசுவீங்க, பந்தியில நின்னு பாப்பீங்க. அம்மா இருந்தா அதத்தான செய்வாங்க?"

இருவரும் அழுதோம். பிறகு அவளே டீ போட்டுக் கொடுத்தாள்.

கட்டுகிறேன், சுகுணா. மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போவேன். பந்தியில் யாரையும் பசியோடு எழவிடமாட்டேன். உன் ஆட்களில் யாராவது முந்தானையை உற்றுப் பார்த்துக் கேட்டால், "ஆமா, அவளோடதுதான்" என்பேன்.

இப்படிக்கு,
மணப்பெண்ணின் சின்னம்மா,
வசந்தி