அப்பா பதித்த ஆணி

அன்புள்ள குட்டிமாவுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி. போனில் சொன்னால் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

எங்கள் சர்வே அலுவலகத்தில் விமானத்திலிருந்து லேசர் அடித்து மலைச்சரிவை அளக்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, மரங்களின் இடுக்கு வழியாகக் கதிர் தரைவரை போய்த் திரும்பும். மூன்று வருடத்துக்கு முந்தைய அளவை இந்த வருட அளவிலிருந்து கழித்தால் எங்கே மண் இறங்கியிருக்கிறது என்று படமாகவே வந்துவிடும். ஆனால் விமானம் பறக்கும்போது தரையில் அசையாத ஓர் இடத்தில் கருவி இருக்க வேண்டும், எல்லா உயரத்தையும் அதிலிருந்துதான் கணக்கிடுவோம். அந்த இடம் நம் வீட்டுப் பின்சுவரில் உன் அப்பா பதித்த ஆணி. அப்போது அவர்தான் சர்வேயர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாறையில் பதிக்கச் சொன்னார்கள், ஐயாவுக்கு டீ டம்ளரும் கையுமாகக் கருவிக்குக் காவல் இருக்க வசதி வேண்டுமே, வீட்டிலேயே பதித்துவிட்டார். பெருமை வேறு.

இந்த முறை படத்தில் ஊரே இருபத்திரண்டு சென்டிமீட்டர் உயர்ந்திருந்தது. பாலம், தண்ணீர்த் தொட்டி, பஸ் நிலையக் கூரை எல்லாம் அச்சு அசலாக ஒரே அளவு. நம் தெருவின் பன்னிரண்டு வீடுகள் மட்டும் இருந்த இடத்திலேயே. புது இன்ஜினியர், உங்க தெருதான் மேடம் சேஃப்பா இருக்கு என்று சிரித்தார். பாலம் எங்கேயாவது வளருமா? ஊர் ஏறவில்லை, நாம்தான் ஆணியோடு இறங்கியிருக்கிறோம். பாலத்தை அசையாததாக வைத்து மறுபடி கழித்தேன், நம் தெரு முழுக்கச் சிவப்பு, மண் இறங்கியதைக் காட்டும் நிறம்.

வீட்டில் சொன்னால் அப்பா, என் ஆணியா ஆடுதுங்குற என்று குதித்தார். இரண்டு நாள் நான் போட்ட டீயைத் தொடவில்லை. மூன்றாம் நாள் பின்கதவை இழைக்க உட்கார்ந்தார், மழைக்கு மரம் ஊதுது என்று வருடா வருடம் இழைப்பாரே, அதே கதவு. பாதியில் இழைப்புளியை வைத்துவிட்டுத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் கதவு நிலையைப் பார்த்தார். சாய்ந்திருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு பதினொரு வீட்டுக் கதவையும் தட்டினார், தப்பு என்னோடது, நான் பதிச்ச ஆணி நகர்ந்துபோச்சு, கிளம்புங்க என்று அவர் வாயாலேயே சொன்னார். தையல்காரர் மட்டும் மிஷினை விட்டு வரமாட்டேன் என்று அடம். அப்பாவே ஒரு பக்கம் தூக்கினார். அந்த மனுஷன்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது. எல்லோரும் பள்ளிக்கூடத்தில் தங்கினோம்.

அங்கே போன ஆறாம் நாள் மதியம் சரிவு இறங்கியது. நம் வீடு இல்லை கண்ணு, உன் அறையும் இல்லை. அழுகை வந்தது, அழுதேன். உன் சான்றிதழ்களும் கல்யாண ஆல்பமும் என்னிடம் பத்திரம். அடுத்த வாரம் மறுபடி விமானம் பறக்கிறது, கருவி இந்தத் தடவை பாறைமேல்தான், முழங்கால் வலியோடு போய் அப்பாவே இடம் காட்டிவிட்டு வந்தார். சரிவின் மேல்பாதி இன்னும் எவ்வளவு நகர்கிறது என்று சொல்லிவிடுவேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, கண் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே. கடிதம் போட்டால் அலுவலக விலாசத்துக்குப் போடு. இருவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருங்கள். வீடு போச்சே என்று யாராவது போனில் அழுதால் நீயும் சேர்ந்து அழாதே. மண் இறங்கியதும் பள்ளிக்கூட வராந்தாவில் தலைகளை எண்ணினேன், பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஐம்பத்தொரு பேர், ஒருவர் குறையவில்லை. என் எண்ணிக்கையை நம்பாமல் அப்பா தனியாகப் போய் எண்ணிவிட்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் ஐம்பத்தொன்றுதான்.

ஆசிகளுடன்,
உன் அம்மா