கரிந்த தாங்கியின் நிழலில் தேநீர் குடித்த அண்ணைக்கு

அண்ணை,

இன்று காலை லண்டனில் லூயிஷாம் சந்தைக்குப் போகிற வழியில், ரயில் பாலத்தடிக் கராஜ் ஒன்றில் யாரோ இரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். காஸ் சுவாலையில் கருகும் பழைய பெயின்ற், ஈரத் துரு, கிறீஸ் எல்லாம் கலந்த மணம். என் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. நீங்கள் வேலை முடிந்து வந்து கோட்டைக் கழற்றினால் எங்கள் அறை முழுக்க அந்த மணம்தான். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் போகாது.

தொண்ணூறுகளின் நடுவில், லண்டனில் எங்கள் ஆட்கள் பலர் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீட்டின் மேல் அறையில் எனக்கு அடுத்த கட்டிலுக்கு வந்து சேர்ந்தீர்கள். நான் யாழ்ப்பாணம், நீங்கள் மன்னார். நான் பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட், நீங்கள் இதைப்போல ஒரு பாலத்தடிக் கராஜில். சனிக்கிழமைகளில் அப்டன் பார்க்குக்கு மீன் வாங்கப் போவோம். நீங்கள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரவி, இது செத்து உயிர்த்தெழும்பித் திரும்பவும் செத்த மீன். விடு, போவம்" என்பீர்கள். கடைக்காரருக்குத் தமிழ் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் சொல்வதை நிறுத்தவில்லை. ஆடி மாதத்தில் குழம்பு கொதிக்கும்போது யேசு பிறந்த நத்தார்ப் பாட்டுப் பாடுவீர்கள். சிவன் கோயில் திருவிழாவுக்கு என்னோடு வந்து, கடைசி ஆளாகக் கைகூப்பி நின்று, "உங்கட சாமிக்கு என்னை அடையாளம் தெரியாது. ஆனா சக்கரைப் பொங்கலுக்கு வடிவாத் தெரியும்" என்று காதுக்குள் சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

குவைத் கதைகளையும் அப்படிச் சிரித்தபடிதான் சொன்னீர்கள். வளைகுடாப் போர் முடிந்த கையோடு அங்கே போனவர் நீங்கள். பாலைவனத்தில் அடிபட்டு எரிந்த யுத்த தாங்கிகளை வேலி அடைத்த ஒரு பெரிய வளவில் இழுத்துவந்து குவித்திருந்தார்களாம். அவற்றைத் துண்டுதுண்டாக வெட்டுவது உங்கள் வேலை. மத்தியான வெயிலுக்கு வேறு ஒதுங்கிடம் இல்லை. வெட்டிக்கொண்டிருந்த தாங்கியின் நிழலிலேயே இருந்து சாப்பிடுவீர்கள்.

"தேத்தண்ணிக்கு மேல கறுப்புத் தூள் மிதக்கும். விரலால வழிச்சு எறிஞ்சுபோட்டுக் குடிப்பம். கரி எண்டுதானே நினைச்சம்."

கேட்டிருந்த நாங்களும் கரி என்றுதான் நினைத்தோம்.

பிறகு உங்கள் கால்கள் வீங்கத் தொடங்கின. படி ஏறவே மூச்சு இளைத்தது. உங்களுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு என்பதால் ஆஸ்பத்திரிக்கு நானும் வந்தேன். சிறுநீரகம் இரண்டும் பெரும்பாலும் செயலிழந்துவிட்டன என்று அந்த டொக்டர் அம்மா சொன்னபோது, அதைத் தமிழில் உங்களிடம் சொல்ல வேண்டியவனும் நான்தான். நீங்கள் என் தோளில் தட்டி, "நீ ஏன் அழுறாய்? எனக்கல்லோ வருத்தம் வந்திருக்கு" என்றீர்கள்.

இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வந்த அந்த ஆஸ்பத்திரியில்தான் மைக் என்ற வெள்ளைக்காரரைச் சந்தித்தோம். தன் தாயைக் கூட்டிவந்துவிட்டு வெளியே காத்திருப்பார். அதே போரில், அதே பாலைவனத்தில் பிரிட்டிஷ் படையின் வாகனங்களைத் திருத்தியவர். நீங்கள் பார்த்த வேலையைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. சில குண்டுகளின் முனை யுரேனியத்தால் ஆனது என்றார். அணு உலைக்கு வேண்டியதைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சுகிற உலோகம். ஈயத்தைவிடக் கனம், தாங்கியின் இரும்பைத் துளைத்துக்கொண்டு போகும். போகும்போதே தீப்பற்றி மாவு போன்ற தூளாகி, தாங்கிக்குள்ளும் சுற்றியுள்ள மணலிலும் படிந்துவிடும். மூச்சோடு உள்ளே போனால் சுவாசப்பையில் தங்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். படையில் இருந்த தங்களுக்கே அதை ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை என்றார்.

அடுத்த முறை டொக்டரிடம் கேட்டோம். அவர் நேர்மையான மனுஷி. "அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இத்தனை வருடம் கழித்து என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தத் தூளுக்குள் யாரும் வேலை செய்யக் கூடாது" என்றார்.

நீங்கள் உங்களைப் பற்றி மேலே ஒன்றுமே கேட்கவில்லை. வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றபோது, "அப்ப றெஜியை அங்க இருந்து எடுக்க வேணும்" என்றீர்கள்.

உங்கள் தம்பி றெஜி அப்போதும் அதே வளவில்தான் வேலை செய்துகொண்டிருந்தான். அந்த வேலையை அவனுக்கு எடுத்துக் கொடுத்தவரே நீங்கள்தான். டெலிபோன் கார்ட் வாங்கி வாங்கி அவனோடு கதைத்தீர்கள். பக்கத்தில் நிற்கிற எனக்கும் அவன் குரல் கேட்கும்.

"அண்ணை, இரும்பு இரும்புதானே. இவ்வளவு பேர் வேலை செய்யினம், எல்லாருக்குமோ வருத்தம்? வேலையை விட்டா அம்மாவை ஆர் பாக்கிறது?"

ரிசீவரைக் கொக்கியில் மாட்டினீர்கள். வீட்டுக்கு வந்து சமைக்காமல் படுத்துவிட்டீர்கள்.

அந்த மாசியில் மைக் எங்களை வால்தம்ஸ்டோவில் ஒரு தேவாலய மண்டபத்துக்கு அழைத்தார். முன்னாள் படைவீரர்களும் குடும்பங்களும் கூடுகிற கூட்டம். உங்கள் அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. வாயைத் திறந்து வம்பில் மாட்டாதே என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். "நான் ஒருத்தரையும் குற்றஞ்சாட்டேல்லை. நான் பாத்த வேலையைச் சொல்லப்போறன். அதுக்கென்ன பயம்?" என்று சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு புறப்பட்டீர்கள்.

நீங்கள் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொன்னேன். தாங்கி நிழல், தேத்தண்ணி, தூள். மண்டபம் அசையாமல் இருந்து கேட்டது. அந்த வேகத்தில், அந்தத் தூளால்தான் இவருக்குச் சிறுநீரகம் போனது என்று நானாக ஒன்றைச் சேர்த்துவிட்டேன். அந்தளவு ஆங்கிலம் உங்களுக்கு விளங்கிவிட்டது, என் கையை இறுக்கிப் பிடித்தீர்கள்.

"அப்பிடிச் சொல்லாத ரவி. தெரியாது எண்டு சொல்லு. பொய் கலந்தா மிச்சத்தையும் நம்பமாட்டினம்."

திருத்திச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் எழுந்துவந்து உங்கள் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் புருஷனும் அந்தப் பாலைவனத்துக்குப் போய்வந்தவன்தான். அவனுக்கு என்ன வருத்தமென்றும் ஒருவருக்கும் தெரியவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது நல்ல மழை. தம்பியைப் பற்றி நீங்கள் சொன்னது மைக்கின் மனதில் கிடந்திருக்கிறது. "என்னைக் கதைக்க விடுங்கள்" என்றார். மூன்று பேரும் ஒரு டெலிபோன் பெட்டிக்குள் நெருக்கிக்கொண்டு நின்றோம். தான் யார் என்று மைக் றெஜிக்கு விளங்குகிற எளிய ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். "எனக்கு ஒரு தம்பி இருந்தால் அந்த வளவுக்குள் ஒரு நாள்கூட விடமாட்டேன்" என்று மட்டும் சொல்லி, ரிசீவரை உங்களிடம் தந்தார். பிறகு றெஜி, "சரி அண்ணை, விடுறன்" என்றான்.

நீங்கள் ரிசீவரை வைத்துவிட்டு மழைக்குள் நின்று கத்தினீர்கள்: "பாத்தியே ரவி! கூடப்பிறந்தவன் நான் தொண்டை கிழியக் கத்தினன், கேக்கேல்லை. வெள்ளைக்காரன் ஒருக்காச் சொன்னவுடன கேட்டிட்டான்!" கோபமாகத்தான் தொடங்கினீர்கள். முடிப்பதற்குள் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன. மைக்குக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவரும் சிரித்தார்.

றெஜி குவைத்திலேயே ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தான். அந்தச் செய்தி வந்த நாளில் வீட்டில் எல்லோருக்கும் றால் குழம்பு வைத்தீர்கள். உங்களுக்கு அது விலக்கு. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கி உப்புப் பார்த்ததோடு சரி. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தீர்கள், அது வரவில்லை. அடுத்த மாரியில் போய்விட்டீர்கள். உங்கள் விண்ணப்பத்துக்கும் பதில் வரவில்லை.

நான் பிறகு ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்ப்பாளனாகப் போனேன். இத்தனை வருடமாகியும், டொக்டர் சொல்லாத ஒரு சொல்லை ஆறுதலுக்காகச் சேர்க்க நா எழும்பும், உங்கள் பிடி கையில் இறுகும், விட்டுவிடுவேன்.

றெஜி இப்போது மன்னாரில் சொந்தமாகப் பேக்கரி வைத்திருக்கிறான். போன மாதம் அவன் மகளுக்குக் கல்யாணம். வீடியோவில் என்னைக் கூப்பிட்டு, "மூத்தவர் இல்லாத இடத்தில நீங்கள்தான் அண்ணை ஆசீர்வாதம் தரவேணும்" என்றான். லண்டனில் சமையலறைக்குள் நின்றபடி கையை உயர்த்தினேன். திரையில் பிள்ளை தலையைத் தாழ்த்தியது.

உங்கள்,
ரவி