குடிலுக்கு வந்த ஆடு

ஜெரின் அப்பா,

நான் சின்னசேலத்தில் அம்மா வீட்டுக்குப் போய் வைக்கோல் வாங்கி வருகிறேன். கிறிஸ்துமஸ் குடிலில் பரப்பியிருந்ததை எல்லாம் உங்கள் ஆடு தின்றுவிட்டது. சோறு குக்கரில் இருக்கிறது. ஆட்டைக் கட்டில் காலில் கட்டியிருக்கிறேன்.

குடிலுக்குப் பொம்மை ஆடு வாங்கச் சொன்னேன். போனில் பார்த்து உயிருள்ள ஆட்டை வாங்கிவிட்டு, "போட்டோவுல அசையாம நின்னுக்கினு இருந்துச்சு, பொம்மைன்னு நெனச்சேன்" என்கிறீர்கள். பொம்மைக்கு இவ்வளவு விலையா என்று அன்றே கேட்டேன். "பெரிய சைஸுடி, ஜாஸ்தியாத்தான் இருக்கும்" என்றீர்கள். விற்ற தியாகதுருகத்து ஆளோ, "திரும்ப எடுக்க மாட்டேங்க, அஞ்சு ஸ்டார் மட்டும் போட்டு வுடுங்க" என்கிறான். வாசலில் கட்டிய ஸ்டாரையும் அது தின்றதை அவனிடம் சொன்னீர்களா?

சாயங்காலம் ஃபாதர் குடிலுக்கு மார்க் போட வருகிறார். அதுவரை ஆட்டைச் சூசையப்பர் பொம்மை பக்கம் விடாதீர்கள். அவர் கையில் இருந்த கோல் ஏற்கெனவே போய்விட்டது.

நான் பிரியாணி என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு இன்னும் என்னோடு பேசவில்லை நீங்கள். ஆட்டுக்கு அகத்திக்கீரை வாங்கி வைத்திருப்பதும் நான்தான்.

நான்சி

பி.கு: காலையில் என் தம்பி டென்னிஸின் போனில் அந்த ஆட்டையே போட்டோ எடுத்து விற்பனைக்குப் போட்டேன். உடனே ஒருவர், "உசுரோட ஒண்ணு வாங்கி ஏமாந்துட்டேங்க. இது பொம்மைதானுங்களே?" என்று கேட்டிருக்கிறார். பார்த்தால் நீங்கள். நான் இன்னும் பதில் போடவில்லை. கட்டில் காலைப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.