பின்சுவரில் அப்பா பூசிய சீமெந்து

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. மலை சரிந்து உங்கள்மேல் விழுந்த பின்னறையைத் தவிர நம் தோட்டத்து லயம், அந்த வரிசை வீடுகள், அப்படியே நிற்கிறது. லிந்துலையில் சித்தி வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அம்மா திரும்பிப் போகத் துடிக்கிறார். "பூமிக்கடியில பாக்குற மிசின் வச்சிருக்கியே, அங்க போலாமா வேணாமானு ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?" என்கிறார்.

எனக்குத் தெரியவில்லை அப்பா. நான் படித்தது பாறையை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் வெந்து நெளிந்து மடிந்த பாறை, நம் தேயிலைக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. இரும்புத் தட்டில் சம்மட்டியால் அடித்தால் அதிர்வு அதில் பட்டுத் திரும்பும். அதை வைத்து அந்த மடிப்பை வரைவோம். மேல்மண்ணில் ஓடும் அதிர்வு எங்களுக்குத் தொல்லை. அதைக் கழித்துவிட்டுத்தான் வேலையே தொடங்கும்.

மலை சரிவதற்கு முன், நாங்கள் நம் தோட்டத்தை அளக்க வந்த நாளில், யாராவது நடந்தால் அந்த அதிர்வும் கருவியில் பதியும் என்று சொன்னேன். உடனே நீங்கள், "எல்லாரும் அப்புடியே நில்லுங்க, எம்புள்ள அடிக்கப் போகுது!" என்று கத்தினீர்கள். கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துக்கொண்டே நின்றார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பிறகு என் அதிகாரிகளுக்கு வீட்டில் தேத்தண்ணி கொடுத்தீர்கள். பின்சுவரில் சாய்ந்த என் சட்டையெல்லாம் சுண்ணாம்பு. "என்னப்பா, தீபாவளி இப்பவே வந்துருச்சா?" என்று கிண்டல் செய்தேன்.

"பெரிய ஆளுங்க வர்றாங்கல்ல, நல்லாருக்க வேணாமா?"

அந்தச் சுவரில் விரல் நுழையும் வெடிப்பு இருந்ததை, உங்கள் காரியம் முடிந்தபிறகுதான் அம்மா சொன்னார். "புள்ள கூட வேல செய்றவங்க முன்னால வெடிச்ச சுவத்தக் காட்டுறதானு, காலையிலேயே சீமெந்து பூசி வெள்ளையடிச்சிட்டாரு."

ஏம்பா? என்னிடமுமா மறைக்க வேண்டும்? மண் நகர்கிறது என்று சொல்ல அந்த வெடிப்பே போதும். அதைப் பார்த்திருந்தால் அன்றே உங்களைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். போயிருப்பேனா? நீங்கள்தான் வந்திருப்பீர்களா?

போன வாரம் அன்றைய பதிவுகளைத் திரும்பத் திறந்தேன். கழித்ததையெல்லாம் சேர்த்து, மண் நகரத் தொடங்கியதற்கு ஓர் அடையாளமாவது உண்டா என்று தேடினேன். ஒன்றும் பிடிபடவில்லை. பாறை மடிப்பு மட்டும் அழகாகத் தெரிகிறது. பார்க்கவே ஆத்திரமாக வருகிறது. ஒரு பதிவில், கருவிகளின் ஓரமாக யாரோ நடந்துபோன அதிர்வு இருக்கிறது. எல்லாரையும் நிறுத்திவிட்டு அன்று நடந்துகொண்டிருந்தது நீங்கள் மட்டும்தான். அதையும் நான் கழித்திருந்தேன்.

"தெரியலம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். போகாதீர்கள் என்று தடுக்க என்னிடம் வேறு வீடும் இல்லை.

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன் அப்பா. இனி எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், சம்மட்டியைத் தூக்குமுன் ஒவ்வொரு வீட்டுப் பின்சுவரையும் தொட்டுப் பார்ப்பேன். கையில் சுண்ணாம்பு ஒட்டினால், வீட்டுக்காரர் கோபித்தாலும் சுரண்டிப் பார்ப்பேன்.

மலையே கேட்க நீங்கள் "எம்புள்ள" என்று கத்திய,
உங்கள் மகள்