உள்ளி மணத்த மதில்

அன்புள்ள அக்கா,

இன்று காலை அடுப்பில் ஒன்றுமே இல்லை. ஆனால் வீடெல்லாம் உள்ளிப்பூண்டு மணத்தது. வெளியே எட்டிப் பார்த்தேன். நீங்கள் கண்மூடிய மறுவருடம் உங்கள் மகள் விற்ற உங்கள் வளவில் அடுக்குமாடி கட்ட வந்தவர்கள், நம் இருவருக்கும் பொதுவான மதிலை, அதில் படர்ந்த உங்கள் கொடியோடு இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். கத்தரிக்கோலோடு ஓடினேன்.

மலேசியாவுக்கு மகளிடம் போய்த் திரும்பியபோது, ஈரத்துணியில் சுற்றிக் கைப்பையில் ஒளித்து நீங்கள் கொண்டுவந்த கொடியல்லவா அது! வெள்ளவத்தை உப்புக்காற்றில் என் ரோஜாக்களெல்லாம் கருகின. அது மட்டும் அசையவில்லை. நீங்கள் நட்ட பக்கம் மாமர நிழல். அதனால் மதிலேறி வெயில் தேடி வந்து என் பக்க முற்றத்தில் ஊதாப்பூவாய்ச் சொரிந்தது. நான் சும்மா இருப்பேனா?

"உங்கட கொடி என்ர முத்தத்தில குப்பை கொட்டுது."

"வேர் என்ர பக்கம், வெயில் உம்மட பக்கம். பூ உமக்குத்தான், வைச்சிரும்" என்று சிரித்தீர்கள்.

கந்தசஷ்டியின் நாலாம் நாளை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. பசி தலைக்கேறியிருந்த நேரம், மதிலுக்கு அப்பால் உள்ளி மணம். "விரத நாளில உள்ளி வதக்கிறியளே அக்கா? வெக்கமில்லையே?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். நீங்களும் ஆறு நாளும் விரதம். ஏணியில் நின்று கொடி வெட்டிக்கொண்டிருந்தவர், ஓர் இலையைக் கசக்கி நீட்டினீர்கள். "மணந்து பாரும்." அந்தப் பூவைத் தினமும் பறித்துச் சாமிக்கு வைத்த எனக்கு, இலையைக் கசக்கினால் உள்ளி மணக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. விரதம் முடித்துச் சாப்பிடும் பாறணையன்று நீங்களே பாயசம் கொடுத்தனுப்பினீர்கள். அதற்குப் பிறகும் நான் கேட்கவில்லை.

இன்று காலை ஓடிப்போய், "தம்பி, கொஞ்சம் பொறும்" என்பதைச் சிங்களத்தில், "மல்லி, பொட்டக் இன்ன" என்று மேசனிடம் கெஞ்சினேன். அவர் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை பொறுத்தார். வேரைத் தோண்ட முடியவில்லை. பத்துத் தண்டுகள் வெட்டிச் சாடிகளில் ஊன்றியிருக்கிறேன்.

இந்த மடலை அன்று இவ்வளவில் நிறுத்திவிட்டேன். நாலு கிழமை, கிட்டத்தட்ட ஒரு மாதம், போய்விட்டது. ஒன்பது தண்டுகள் அழுகிவிட்டன. ஒவ்வொன்றையும் எறியும்போது உங்களை மறுபடி பறிகொடுத்த மாதிரி அழுதேன். பத்தாவதில் இன்று ஒரு துளிர். மெல்லத் தடவிக் கையை முகர்ந்தேன். உள்ளிதான், அக்கா!

புது மதில் எழும்பியதும் இதை என் பக்கம் நடுவேன். ஒருநாள் தாண்டிப்போய் அந்தப் பக்கம் பூக்கும். விரத நாளில் யாரோ ஒருத்தி மாடியில் நின்று என்னைத் திட்டுவாள். திட்டட்டும். ஓர் இலையைக் கசக்கி நீட்டுவேன். பாறணைக்குப் பாயசமும் கொடுத்தனுப்புவேன்.