நுனிக்கால்

ஹவுன்ஸ்லோ
2004 மாசி

இஞ்சரும்,

பரிசில இருந்து நீர் அனுப்பின வீடியோ கசெற் கிடைச்சது. உம்மட அக்கா, எங்கட மகள் தாரகாவின்ர கமக்கட்டுக்குள்ள கையைக் குடுத்து நிப்பாட்டுறா. "நடக்கிறாள், நடக்கிறாள்" எண்டு எல்லாரும் கைதட்டுறியள். முதல்தரம் பாக்கேக்க எனக்கும் கண் கலங்கிட்டுது. பிறகு காலைப் பாத்தன்.

குதிக்கால் நிலத்தில படேல்லை. நுனிக்காலில நிக்கிறாள், இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொண்டு கிடக்கு. அது நடை இல்லை. பிறக்கேக்க மூளைக்குக் காத்துக் காணாமல் போனதால வந்த இறுக்கம். அப்பிடி நிப்பாட்ட நிப்பாட்ட, தொடையெலும்பு இடுப்புக் குழியை விட்டு விலகும். நான் விமானம் இறங்கேக்க உருளுற சில்லுப் பகுதி திருத்திறவன். பாரம் பிழையாய் விழுந்தால் மூட்டுக்கு என்ன நடக்குமெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை.

இங்க தெரபிக்காரி இடுப்பைப் பிடிச்சு இருத்தேக்க தாரகா கத்துவாள். அதைத் தாங்கேலாமல்தான் நீர் அவளை அக்காவிட்டைக் கூட்டிக்கொண்டு போனீர். அங்க ஒருத்தரும் அவளை அழ விடுறேல்லை. ஓம், கசெற்றில சிரிக்கிறாள்தான்.

தெரபி செய்தால் நடப்பாளோ எண்டு நீர் என்னட்டை ஒருநாளும் கேக்கேல்லை. நடக்கமாட்டாள். தானாய் நிமிர்ந்து இருந்து, தன்ர கையால சாப்பிடப் பழகலாம். அதுக்குத்தான் அவ்வளவு அழுகையும். இடுப்பு விலகினால் அதுவும் இல்லை.

சனிக்கிழமை பஸ்ஸில வாறன், இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வர. கதவைத் திறக்கேக்க அவளை நிப்பாட்டிக் காட்டாதேயும். நிலத்தில படுத்திருக்கட்டும், நான் குனிஞ்சு தூக்கிறன்.

அவளின்ர அப்பா